வௌவாலின் இனப்பெருக்க உறுப்புகளை வைத்து வகைப்பாடு படிக்கும் முறை: வேலூர்ப் பகுதி விலங்கியல் மாணவர்களுக்கு

குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கத்து ஓட்டு வீடுகளில் அடையும் சின்னஞ்சிறு பிபிஸ்ட்ரெல் வௌவாலைக் கையில் வைத்துக்கொண்டு இனம் சொல்வது லேசான காரியமில்லை. பிபிஸ்ட்ரெல்லஸ் டெனுயிஸின் முன்கை ஏறத்தாழ 25 முதல் 30 மி.மீ. பிபிஸ்ட்ரெல்லஸ் கோரமாண்ட்ராவுக்கு 25 முதல் 34 மி.மீ. அளவுகோல் 28 காட்டினால் எது என்று சொல்வீர்கள்? ரோமத்தின் நிறமும் கைகொடுக்காது. ஆணாக இருந்தால் அதன் குறிக்குள் சில மி.மீ. நீளத்தில் ஓர் எலும்பு உண்டு. அதன் நீளத்தையும் நுனியின் வடிவத்தையும் மண்டையோட்டு அளவுகளோடு சேர்த்துப் பார்த்தால் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

இனம் பிரிக்க ஆணின் எலும்பு உதவுகிறது. குடும்பங்களுக்கிடையே உள்ள உறவைப் பேசப் பெண்ணின் கருப்பை, சூலகம், நஞ்சுக்கொடி ஆகியவை வேண்டும். இரண்டையும் செய்யும் முறை கீழே. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: பருவம், வயது, இடவலம் இந்த மூன்றையும் குறிக்காமல் வரைந்த கருப்பைப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வகைப்பாட்டுக்கு உதவாது.

மாதிரி எங்கே கிடைக்கும்

உயிருள்ள வௌவாலைக் கொல்லத் தேவையே இல்லை. பழைய வடஆற்காடு மாவட்டத்துக் கல்லூரி விலங்கியல் துறைகளில் ஃபார்மலின் ஜாடிகளில் கிடப்பவற்றை முதலில் தேடுங்கள். அடுத்தது தானாகச் செத்தவை: மின்கம்பியில் அடிபட்டுத் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால், மின்விசிறியில் பட்டது, பூனை பிடித்துப் போட்டது.

ஜாடிச் சீட்டில் பழைய பெயர் இருக்கும். டீரோபஸ் ஜைகான்டியஸ் என்று எழுதியிருந்தால் இன்றைய பெயர் டீரோபஸ் மீடியஸ். மெகாடெர்மா லைரா இப்போது லைரோடெர்மா லைரா. பிபிஸ்ட்ரெல்லஸ் மைமஸ் என்பதை டெனுயிஸில் சேர்த்துவிட்டார்கள். ஸ்கோட்டோஃபிலஸ் ரோட்டனி என்பது இப்போது ஸ்கோட்டோஃபிலஸ் குலியை. பழைய சீட்டைக் கிழித்தெறிய வேண்டாம். புதுச் சீட்டை அதோடு சேர்த்துப் போடுங்கள். தேதியும் ஊரும் இல்லாத ஜாடியாக இருந்தால் ஆணின் எலும்புக்கு மட்டும் பயன்படுத்தலாம். தேதியில்லாத பெண் மாதிரியிலிருந்து பருவம் தொடர்பான எதையும் எழுதக் கூடாது.

செத்த வௌவாலை எடுத்து வைத்துக்கொள்வதற்கும் வனத்துறையின் எழுத்துமூல அனுமதி வேண்டும். பழந்தின்னி வௌவால்கள் 'தீங்கு விலங்குப் பட்டியலில் இருக்கின்றன, யாரும் கேட்க மாட்டார்கள்' என்று மூத்த மாணவர்கள் சொன்னால் நம்ப வேண்டாம். 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது. ஜவ்வாது மலை, அமிர்தி போன்ற காட்டுப் பகுதிகளில் கால்வைக்கவே அனுமதி தேவை. வேலூர்க் கோட்டை, மகேந்திரவாடிக் குடைவரை போன்ற இடங்கள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. வனத்துறைக் கடிதம் அங்கே செல்லாது.

பாதுகாப்பில் சலுகை கிடையாது. ரேபிஸ் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொண்டவர்தான் புதிய உடலைத் தொட வேண்டும். 2018இல் கோழிக்கோட்டில் நிபா வந்த பிறகு, பழந்தின்னி வௌவாலின் உடலைக் கையாளும்போது இரட்டைக் கையுறையும் என்95 முகக்கவசமும் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

வேலூர் வெயிலில் நேரம்தான் எதிரி. மே மாதத்தில் காலையில் விழுந்த உடலின் கருப்பை உள்தோல் மதியத்துக்குள் உதிரத் தொடங்கிவிடும். கண் குழிந்து வயிறு பச்சை பாரித்திருந்தால் திசுச் சீவல் எடுக்க முயன்று நாளை வீணாக்காதீர்கள். எலும்பு, மண்டையோடு, டி.என்.ஏ. மட்டும் எடுங்கள். நல்ல நிலையில் இருப்பதைப் பனிக்கட்டி நிரப்பிய பெட்டியில் கொண்டு வாருங்கள், உறைய விடாதீர்கள். உறைந்தால் திசுவுக்குள் பனித்துகள் உருவாகி உயிரணுக்களைக் கிழித்துவிடும். பிறகு சீவலில் ஓட்டைதான் தெரியும்.

ஃபார்மலினில் போடும் முன்

வரிசை முக்கியம். முதலில் மார்புத் தசையில் அரிசியளவு துண்டு வெட்டி, தண்ணீர் கலக்காத எத்தனாலில் போட்டுவிடுங்கள். ஃபார்மலினில் ஊறிய திசுவிலிருந்து பின்னால் டி.என்.ஏ. எடுப்பது பெரும் பாடு. அடுத்து முன்கை நீளம், எடை, படம். பிறகு வயது: இறக்கையை விரித்துப் பின்னால் விளக்கைப் பிடித்து விரல் மூட்டுகளைப் பாருங்கள். மூட்டில் ஒளி ஊடுருவும் வெளிறிய பட்டை தெரிந்தால் குருத்தெலும்பு இன்னும் மூடவில்லை, குட்டி. மூட்டு குமிழ்போல் திரண்டு இருண்டிருந்தால் வளர்ந்தது.

அதே கையோடு முலைக்காம்புகளைப் பாருங்கள். எல்லா வௌவால்களுக்கும் மார்பில் பால் சுரக்கும் காம்புகள் உண்டு. லாட வௌவால், இலைமூக்கு வௌவால், மெகாடெர்மா குடும்பம், ரைனோபோமா என்ற எலிவால் வௌவால் ஆகியவற்றின் பெண்களுக்கு அடிவயிற்றில், பிறப்புறுப்புக்குச் சற்று மேலே, இன்னொரு ஜோடி இருக்கும். அதில் பால் சுரக்காது. பறக்கும்போது குட்டி வாயால் கவ்விக்கொள்ளும் பிடி அது. பழந்தின்னிகளுக்கும் பிபிஸ்ட்ரெல்லின் குடும்பமான வெஸ்பெர்டிலியோனிடேவுக்கும் இது இல்லை. கத்தி படாமல் கிடைக்கும் சான்று இது ஒன்றுதான். ஆனால் குட்டி போடாத பெண்ணில் இந்தக் காம்பு ரோமத்துக்குள் கண்ணுக்கே தெரியாதபடி இருக்கும். குட்டி போட்ட பெண்ணைப் பார்க்காமல் 'இல்லை' என்று அட்டவணையில் எழுதாதீர்கள், கேள்விக்குறி போடுங்கள். ரோமத்தை எத்தனாலில் நனைத்துப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

பெண்: கருப்பையை எடுப்பது

தேவையானவை: 10 முதல் 40 மடங்கு காட்டும் ஸ்டீரியோ நுண்ணோக்கி, கருப்பு மெழுகு ஊற்றிய பெட்ரி தட்டு, பூச்சி குத்தும் நுண் ஊசிகள், கூர்நுனி இடுக்கி இரண்டு, கண் அறுவைக்குப் பயன்படும் சிறு கத்தரி, கருப்பு நூல், வெள்ளை நூல்.

வௌவாலை மல்லாக்கப் படுக்க வைத்து இறக்கைகளை ஊசியால் நிறுத்துங்கள். பிறப்புறுப்புக்கு மேலிருந்து நெஞ்செலும்பு வரை நடுக்கோட்டில் தோலை மட்டும் வெட்டி, பிறகு தசையை வெட்டுங்கள். குடலை வெட்டியெறியாமல் மேலே ஒதுக்கினால் கருப்பை தெரியும். எதையும் அசைக்கும் முன் அளவுகோல் வைத்து ஒரு படம். உடனே இடப்பக்கச் சூலகத்தில் கருப்பு நூலும், வலப்பக்கத்தில் வெள்ளை நூலும் தளர்வாகக் கட்டுங்கள். இடம் என்றால் வௌவாலின் இடம். பார்ப்பவருக்கு அது வலப்பக்கமாகத் தெரியும். இந்த ஒரு தவறால் கெட்ட ஆய்வேடுகள் ஏராளம். உறுப்பை வெளியே எடுத்துத் தட்டில் திருப்பிவிட்டால் இடவலத்தை மீட்க வழியே இல்லை.

பிறகு கருப்பையின் இரு கிளைகளான கொம்புகளின் நீளம், நடுவில் அகலம், இரண்டு சூலகங்களின் அளவு ஆகியவற்றைத் தனித்தனியே எழுதுங்கள். கார்பஸ் லூட்டியம் (முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் திரள்) எந்தச் சூலகத்தில், கரு எந்தக் கொம்பில் என்று பாருங்கள். இரண்டும் ஒரே பக்கம் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. மினியோப்டெரஸ் என்ற வௌவால் பேரினத்தில் முட்டை பெரும்பாலும் இடச் சூலகத்திலிருந்து வந்து வலக் கொம்பில் பதிகிறது.

ஒரு பக்கம் மட்டும் வேலை செய்வது வௌவால்களில் பரவலாக உண்டு. லைரோடெர்மா லைராவிலும் ஹிப்போசிடெரஸ் ஃபல்வஸ் என்ற இலைமூக்கு வௌவாலிலும் இடப்பக்கம். லாட வௌவால்களில் வலப்பக்கம். பிபிஸ்ட்ரெல்லஸ் சிலோனிகஸில் இரண்டு கொம்புகளிலும் கரு தங்கி இரட்டைக் குட்டி பிறக்கும். ஆரம்பநிலை மாணவர் அதிகம் ஏமாறுவது சைனோப்டெரஸ் ஸ்பிங்ஸ் என்ற குட்டைமூக்குப் பழந்தின்னியிடம். இது ஆண்டுக்கு இருமுறை ஈனுகிறது; குட்டி போட்ட கையோடு மறுபடி சினைப்படுகிறது; சினை கொம்பு மாற்றி மாற்றி வருகிறது. மார்ச்சில் கிடைத்த ஒரு பெண்ணின் வலக் கொம்பு பருத்திருப்பதைப் பார்த்து 'வலப்பக்க ஆதிக்கம்' என்று எழுதினால், ஜூலையில் கிடைப்பது அதைப் பொய்யாக்கிவிடும். போன ஈற்றில் குட்டி இருந்த கொம்பு சுருங்கி முடியாமல் தொளதொளத்துக் கிடக்கும். சுவர் தடித்து, உள்ளே நஞ்சுக்கொடி பதிந்த தழும்பு இருக்கும். நிரந்தரச் சமமின்மையா, ஈற்று முறையா என்று சொல்ல இரண்டு பருவத்து மாதிரிகளாவது வேண்டும். இரு சூலகங்களிலும் முதிர்ந்த நுண்பைகள் இருக்கின்றனவா என்று சீவலில் பார்ப்பதே உறுதியான வழி.

கருப்பை வாய்: இங்கே அவசரப்படக் கூடாது

இரண்டு கொம்புகளும் ஒரே வாயாகச் சேர்கின்றனவா, இரண்டு வாய்களாகத் தனித்தனியே யோனியில் திறக்கின்றனவா என்பதே பெரிய கேள்வி. பழந்தின்னிகளில் கொம்புகள் பெரிதும் தனித்தே இருக்கும்; பல இனங்களில் வாயும் இரண்டு. பூச்சியுண்ணும் நம்மூர்க் குடும்பங்களில் பொதுவாக இரு கொம்புகள் ஓர் உடலில் சேர்ந்து ஒரே வாயாகும். இதை வெளியிலிருந்து பார்த்துத் தீர்மானிக்க முடியாது. வெளியே ஒன்றாகத் தெரிவதன் உள்ளே கடைசி வரை தடுப்புச் சுவர் ஓடலாம். கத்தரியால் நீளவாட்டில் பிளந்து பார்ப்பதும் தவறு, பிளக்கும்போதே அந்தச் சுவர் போய்விடும். குறுக்குவாட்டில் தொடர்ச் சீவல் எடுப்பது ஒன்றே வழி.

திசுவைக் கெடாமல் நிலைநிறுத்தப் பூவான் கரைசல்: செறிந்த பிக்ரிக் அமிலக் கரைசல் 75 மி.லி., ஃபார்மலின் 25 மி.லி., கிளேசியல் அசிட்டிக் அமிலம் 5 மி.லி. கருப்பையும் யோனியின் மேற்பகுதியும் சேர்ந்த துண்டை அதில் 24 மணி நேரம் வைத்து, பிறகு 70 சதவீத எத்தனாலில் மஞ்சள் நிறம் போகும்வரை மாற்றி மாற்றிக் கழுவுங்கள். பிக்ரிக் அமிலப் பொடி உலர்ந்தால் வெடிக்கும். புட்டி மூடியோரம் பொரிந்திருந்தால் திருகாமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அடுத்து 90 சதவீத எத்தனாலில் ஒரு மணி நேரம், நீரற்ற எத்தனாலில் ஒரு மணி நேரம் வீதம் இருமுறை, சைலீனில் 15 முதல் 20 நிமிடம் இருமுறை, மெழுகில் 45 நிமிடம் மும்முறை. சைலீனில் கூடுதலாக விட்டால் திசு விறைத்து, சீவும்போது நொறுங்கும். மெழுகு 58 முதல் 60 டிகிரியில் உருகும் வகையாக வாங்குங்கள். குறைந்த வெப்பத்தில் உருகும் மெழுகு ஏப்ரலுக்கு மேல் வேலூரில் நாடாவாக வராமல் சுருண்டு ஒட்டும். மெழுகுக் கட்டியைப் பனிக்கட்டியின் மேல் பத்து நிமிடம் வைத்துவிட்டு அதிகாலையில் சீவுவது இந்த ஊருக்கு ஏற்ற முறை.

சீவல் 6 மைக்ரோமீட்டர். வாய்ப்பகுதி 3 மி.மீ. நீளம் என்றால் 500 சீவல்கள் வரும். பத்துக்கு ஒன்று எடுத்தால் 50. அதுவே போதும், வரிசை எண் மட்டும் தவறக் கூடாது. ஹெமட்டாக்சிலின், இயோசின் சாயம் இட்டு, துளை இரண்டாக இருப்பது எந்த எண்ணில் ஒன்றாகிறது என்று குறியுங்கள். யோனி வரை இரண்டாகவே போனால் இரட்டைக் கருப்பை. 'உடல் நீளத்தில் இத்தனை பங்கு வரை தடுப்பு' என்று அளவாக எழுதி வைப்பது, ஆம், இல்லை என்று எழுதுவதைவிட நெடுநாள் பயன்படும்.

சினையுள்ள மாதிரி கிடைத்தால் கருவை வெளியே எடுக்கும் முன், நஞ்சுக்கொடியின் வட்டு கருப்பையைத் தாங்கும் சவ்வின் பக்கம் இருக்கிறதா, எதிர்ப்பக்கமா என்று வரையுங்கள். வெஸ்பெர்டிலியோனிடே குடும்பத்தில் அது எதிர்ப்பக்கம். சவ்வை ஒட்ட வெட்டிவிட்டால் இந்தத் தகவல் போயிற்று. அரை சென்டிமீட்டராவது சவ்வை விட்டு வெட்டுங்கள்.

ஆண்: குறி எலும்பு

பூவான் கரைசலில் ஆண்குறியைப் போட்டுவிடாதீர்கள்; அதிலுள்ள அமிலம் எலும்பின் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். பழைய ஜாடியிலும் இதே சிக்கல் உண்டு. ஃபார்மலின் நாளடைவில் அமிலமாகிவிடும். முதலில் பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள். 6க்குக் கீழே இருந்தால் எலும்பு சாயம் ஏற்காமல் போக வாய்ப்பு அதிகம். அதை 'எலும்பு இல்லாத இனம்' என்று எழுதிவிடக் கூடாது. புதிதாக ஊற்றும்போது நடுநிலை ஃபார்மலினாகவே தயாரியுங்கள்: கடையில் வாங்கும் ஃபார்மலின் 100 மி.லி., தண்ணீர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 4 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம்.

விரை எங்கே இருக்கிறது, நீள அகலம் எவ்வளவு, துணைச் சுரப்பிகள் பருத்துள்ளனவா என்று எழுதிக்கொண்டு, குறியை அடியோடு வெட்டியெடுங்கள். காய்ந்திருந்தால் வெந்நீரில் 10 முதல் 15 நிமிடம் ஊற வைக்கலாம். 100 மி.லி. தண்ணீரில் 4 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்து, நாவற்பழச் சாற்று நிறம் வரும்வரை அலிசரின் ரெட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பிபிஸ்ட்ரெல் அளவுக்கு ஒரு நாளில் தசை கண்ணாடிபோல் ஆகி எலும்பு சிவந்து நிற்கும். ஒரு நாள் என்பது உத்தேசம்தான். சில மணிக்கொரு முறை பாருங்கள். கூடுதலாக ஊறினால் இரு கிளையாகப் பிரிந்த நுனி உதிர்ந்துவிடும். பிபிஸ்ட்ரெல்லஸ் பேரினத்துக்கு அடையாளமே அந்த நுனிதான்: மெல்லிய நீண்ட தண்டு, இரு மடலாக விரிந்த அடி, கவைபோல் பிளந்த முனை. முன்பு இதே பேரினத்தில் வைத்திருந்த ஹிப்சுகோவைத் தனியே பிரிக்க இந்த எலும்பே பெரிய சான்றாக இருந்தது.

தசையை ஊசியால் விலக்கி, கிளிசரின் 25, 50, 75, 100 சதவீதம் என ஏற்றி, ஒரு தைமால் படிகம் போட்டு வையுங்கள். மேலிருந்து, கீழிருந்து, பக்கவாட்டில் என மூன்று படங்கள். இளம் ஆணில் முனையும் அடியும் முழுதாக எலும்பாகியிருக்காது. மூட்டு மூடிய ஆண்களை மட்டுமே ஒப்பிடுங்கள். சீட்டைப் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். பந்துமுனைப் பேனா மை எத்தனாலில் கரைந்தோடிவிடும்.

கிடைத்ததை வகைப்பாட்டில் எப்படி வைப்பது

இனம் ஒரு வரி, பண்பு ஒரு நெடுவரிசை என்று அட்டவணை போடுங்கள்: அடிவயிற்றுக் காம்பு, கருப்பைத் தடுப்பின் அளவு, செயல்படும் பக்கம், ஒரே ஈற்றில் குட்டிகள், விந்து சேமிப்பு, நஞ்சுக்கொடியின் இடம், குறி எலும்பின் முனை. ஒப்பீட்டுக்கு வெளிக்குழு, அதாவது வௌவால் அல்லாத ஓர் உறவு விலங்கு, வேண்டும். குரங்கை எடுக்காதீர்கள். வௌவால் நெருங்கி நிற்பது மூஞ்சூறு, நாய், மாடு முதலியவை அடங்கிய பெருங்கூட்டத்தில். வேலூரில் எந்தத் தெருவிலும் கிடைக்கும் மூஞ்சூறே இதற்குப் போதும். அதன் கருப்பை இரு கொம்புடையது.

உறுப்பை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு லின்னேயஸே சாட்சி. மார்பில் ஒரு ஜோடி காம்பு இருப்பதை வைத்து 1758இல் அவர் வௌவாலை மனிதனும் குரங்கும் இருந்த பிரைமேட் வரிசையில் சேர்த்தார். 1986இல் பெட்டிகுரூ, மூளைக்குச் செல்லும் பார்வை நரம்புகளின் அமைப்பைக் காட்டி, பழந்தின்னிகள் மட்டும் பிரைமேட்டுகளின் உறவு என்று வாதிட்டார். டி.என்.ஏ. ஆய்வுகள் இரண்டையும் ஒதுக்கிவிட்டன. அதோடு, டாப்சன் 1875இல் வகுத்த பெரு வௌவால், சிறு வௌவால் என்ற பிரிவும் உடைந்தது. இன்றைய பரிணாம மரத்தில் பழந்தின்னிகள் லாட வௌவால், இலைமூக்கு, மெகாடெர்மா, ரைனோபோமா ஆகியவற்றோடு ஒரு கிளையில் இருக்கின்றன. வெஸ்பெர்டிலியோனிடே, மினியோப்டெரிடே, எம்பலனூரிடே, மொலாசிடே ஆகிய குடும்பங்கள் மறு கிளை.

இந்த மரத்தின் மேல் உங்கள் அட்டவணையை ஏற்றிப் பாருங்கள். காகிதத்தில் வரைந்தாலே போதும். இனங்கள் கூடினால் மெஸ்கைட் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அடிவயிற்றுக் காம்பு முதல் கிளையில், பழந்தின்னிகள் பிரிந்த பிறகு, ஒரே ஒரு முறை தோன்றியதாக வைத்தால் கணக்கு சரியாக வருகிறது. ஒரு காலத்தில் எம்பலனூரிடேவின் பக்கத்தில் வைத்திருந்த ரைனோபோமா எங்கே சேர வேண்டும் என்பதை அந்தக் காம்பு முன்பே காட்டிக்கொண்டுதான் இருந்தது.

கருப்பை அவ்வளவு எளிதில் பிடிபடாது. இரட்டைக் கருப்பை பழமையானது, ஆகவே பழந்தின்னிகளே ஆதி வௌவால்கள் என்று பலர் எழுதினார்கள். மாற்றங்களை எண்ணிப் பாருங்கள். மூதாதைக்கு இரு கொம்புக் கருப்பை என்றால் பழந்தின்னிக் கிளையில் ஒரு மாற்றம் போதும். மூதாதைக்கு இரட்டைக் கருப்பை என்றால் லாட வௌவால் பக்கமும் மறு கிளையிலுமாகக் குறைந்தது இரண்டு மாற்றங்கள் வேண்டும். மூஞ்சூறும் முதல் கணக்குக்கே சாட்சி சொல்கிறது. ஒற்றைக் கருப்பை அமெரிக்க இலைமூக்கு வௌவால்களிலும் மனிதரிலும் உண்டு. அதைச் சொந்தத்தின் அடையாளமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

இந்த முறை வென்ற இடத்துக்கு எடுத்துக்காட்டு மினியோப்டெரஸ். நெடுங்காலம் அதை வெஸ்பெர்டிலியோனிடேவுக்குள் வைத்திருந்தார்கள். நாகபுரியில் வௌவால் கருவியலைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த ஏ. கோபாலகிருஷ்ணாவும் சாரியும் 1983இல் கருவியல் பண்புகளைக் கொண்டு அதன் வகைப்பாட்டிடத்தை மறுபரிசீலனை செய்தனர். வெஸ்பெர்டிலியோனிடே இனங்கள் பலவும் விந்தைக் கருப்பையில் சேமித்துப் பிறகு கருத்தரிக்க, மினியோப்டெரஸ் ஷ்ரைபெர்சியையில் கருத்தரிப்பு உடனே நடந்து கரு பதிவதுதான் தள்ளிப்போகிறது. தனிக் குடும்பம் என்ற நிலையை 2007இல் டி.என்.ஏ.யும் ஆதரித்தது. ஒரு பண்பை அல்ல, ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல பண்புகளைச் சேர்த்துப் பார்த்ததால் கிடைத்த பலன் அது.

அட்டவணையில் ஒரு பண்பை இரண்டு முறை எண்ணிவிடுவது அடிக்கடி நடக்கும். 'வலக் கொம்பில் சினை', 'வலக் கொம்பு பெரிது', 'ஒரே குட்டி' மூன்றும் பல நேரங்களில் ஒரே காரணத்தின் மூன்று முகங்கள். அவற்றை ஒரே நெடுவரிசையாக்குங்கள். எந்தப் பக்கம் என்பதற்கும் அதிக எடை தர வேண்டாம். லாட வௌவாலும் இலைமூக்கு ஃபல்வஸும் நெருங்கிய உறவினர்களாக இருந்தும் பக்கம் மாறி நிற்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை உடல்களைப் பார்த்து எழுதினீர்கள் என்ற எண்ணையும், மாதத்தையும் சேர்த்தே எழுதுங்கள். எல்லாம் முடிந்த பின் உறுப்புகளையும் ஸ்லைடுகளையும் மண்டையோட்டையும் டி.என்.ஏ. புட்டியையும் ஒரே எண்ணில் துறை அருங்காட்சியகத்தில் பதிந்து வைக்க வேண்டும். இனப்பெயர் நாளை மாறினாலும் அந்த எண்ணை வைத்து மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.